வெளிநாட்டில் படிக்கும்போது நண்பரின் கிராமத்து வீட்டுக்குப் போய்த் தங்குவதென்றால் என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போங்கள். கூப்பிட்டது நண்பர்தான் என்றாலும் தங்கப்போவது அவருடைய பெற்றோர் வீட்டில். அதனால் வரும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிடாதவை, ஒவ்வாமை, நாய் பயம் எதுவானாலும் அப்போதே சொல்வது நல்லது. சமைத்துப் பரிமாறிய பிறகு சொன்னால் எல்லாருக்கும் சங்கடம்.

கிராமத்துப் பேருந்துகள் வார இறுதியில் குறைவாகவே ஓடும், சில இடங்களில் ஓடவே ஓடாது. கடைசி வண்டி எப்போது என்று பார்த்துவிட்டு, வரைபடத்தையும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள்.

பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் ஆடு மாடு வளர்த்தால், ஊரைவிட்டுக் கிளம்பும் முன் காலணியில் ஒட்டிய மண்ணையும் சாணத்தையும் நன்றாகக் கழுவுங்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குள் நுழையும்போது பண்ணைக்கோ கால்நடைகளுக்கு அருகிலோ போனீர்களா என்று படிவத்திலோ நேரிலோ கேட்பார்கள். கால்நடை நோய் பரவும் என்ற பயம்தான் காரணம். போயிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பெரும்பாலும் காலணியைச் சோதித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், மறைத்தால்தான் அபராதம்.

மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். காய் நறுக்க, பாத்திரம் துடைக்கப் போய் நின்றால் பேச்சு தானாக வரும்.