சோக் எடுத்ததும் அணையும் ஸ்பிளெண்டர்

ஒன்றரை வருடம் நின்ற ஸ்பிளெண்டர் பைக், பிளக் மாற்றியும், சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் லீவர்) போட்டால்தான் ஓடுகிறது, எடுத்ததும் அணைகிறது என்று கேட்டிருந்தீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் (கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைப்புதான். பிளக்கை மறுபடி மாற்ற வேண்டாம்.

ஒன்றரை வருடம் மன்னார்குடிக் கொட்டகையில் நின்றதில் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) இருந்த பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருக்கும். இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்கள்; அது நம் டெல்டா ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

முதலில் இன்ஜின் ஆறியபின் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் அடியிலுள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக நீர் தங்கினால் டேங்கையும் காலி செய்ய வேண்டும். அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட் துளையில் கிளீனர் அடித்து ஊதுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் மைலேஜ் போச்சு.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள், குளவிக்கு அங்கே கூடு கட்ட ரொம்பப் பிடிக்கும்.

இத்தனைக்கும் சரியாகாவிட்டால் இன்டேக் ரப்பரில் (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர்) விரிசல் இருக்கலாம். அதுவும் இதே மாதிரிதான் காட்டும்.