மகளின் பயோடேட்டாவில் ‘காரியவாதி’: எந்தச் சொல்லை எழுதுவது?

கேள்வி: என் மகள் தன்னைப் பற்றி ‘பிராக்டிகல், ரியலிஸ்டிக்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். தரகர் அதைத் தமிழில் ‘காரியவாதி, எதார்த்தமானவர்’ என்று அடித்து, ஜாதகத்தோடு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், “பொண்ணு காரியவாதியா?” என்று கேட்டுவிட்டு அதற்குமேல் பேசவில்லை. எந்தச் சொல் சரி? – ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அம்மா, அந்தத் தாளை இனி ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று முதலில் தரகரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லைத் தேடுவது அதற்குப் பிறகு.

‘காரியவாதி’ இன்றைய தமிழில் வசவு. தன் காரியம் முடிகிறவரை ஒட்டிக்கொண்டு, முடிந்ததும் திரும்பிப் பார்க்காதவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். கேட்டவர் முகம் சுளித்ததில் தவறில்லை.

‘எதார்த்தம்’ வேறு மாதிரிச் சிக்கல். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் யதார்த்தம் என்பதற்கு உண்மை என்ற பொருள் கிடைக்கும். பத்திரிகைக் கட்டுரையில் ‘யதார்த்த நிலை’ என்றால் உள்ளது உள்ளபடி. ஆனால் வீட்டுப் பேச்சில் “எதார்த்தமாத்தான் சொன்னேன்” என்றால் உள்நோக்கம் இல்லாமல் சொன்னேன் என்று பொருள். “எதார்த்தமான பொண்ணு” என்றால் சூதுவாது தெரியாதவள், கள்ளமில்லாதவள். ஆக, உங்கள் மகளின் தாளில் ஒரே வரியில் கணக்குப் பார்த்துப் பழகுகிறவள் என்றும் இருக்கிறது, ஒன்றும் தெரியாத வெள்ளந்தி என்றும் இருக்கிறது. அவள் சொல்ல வந்தது இரண்டும் இல்லை.

இதில் எனக்குக் கோபம் தரகர் மேல் மட்டுமில்லை. தமிழில் அடித்துத் தருகிறேன் என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் ஆங்கிலத்தை ஒட்டி, வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வேலைக்கான விண்ணப்பம், கல்லூரிக்கான கடிதம், கல்யாணத் தாள் எல்லாமே அவர்கள் கைவழியாகத்தான் போகின்றன. அச்சுக்குப் போகுமுன் வீட்டாரிடம் ஒருமுறை படித்துக் காட்டுவதுகூட இல்லை. நம் பள்ளிக்கூடங்களும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரு சொல் எங்கே பாராட்டு, எங்கே ஏச்சு என்பதை யார் சொல்லித் தருகிறார்கள்? 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல்லை வாக்கியத்தில் வைத்தே காட்டுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவர் மேசையில் அது இருக்க வேண்டாமா?

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர் இதைச் சொல்லித்தான் உங்களிடம் வாதாடுவார். “எங்க அம்மாகூட மருமகளைக் காரியக்காரின்னு பெருமையாத்தானே சொல்லுது” என்பார். உண்மைதான். எடுத்த வேலையை முடிக்கிறவள், பத்துப் பேர் வந்தாலும் பதறாமல் சமாளிக்கிறவள் என்ற பொருளில் வீட்டுப் பெரியவர்கள் ‘காரியக்காரி’ என்று மெச்சுவது உண்டு. அப்போதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சொல்கிறவர் வயதில் மூத்தவர். சொல்லப்படுகிறவளின் வேலையைக் கண்ணால் பார்த்தவர். குரலில் பெருமை இருக்கிறது. அதே சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரி உதட்டைச் சுழித்துச் சொன்னால் ‘தன் காரியத்தில் கண்ணானவள்’ என்று ஆகிவிடும். தாளுக்கு வயதும் கிடையாது, குரலும் கிடையாது. அதோடு அவர் அம்மா சொல்வது காரியக்காரி, இவர் அடித்திருப்பது காரியவாதி. முதலாவதற்காவது ஒரு நல்ல பக்கம் உண்டு. ‘பிழைக்கத் தெரிந்தவள்’, ‘விவரமானவள்’ இரண்டையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் ‘சூதானமான பிள்ளை’ என்பீர்கள். கவனமும் முன்யோசனையும் உள்ளவள் என்று அதற்கு மதுரைப் பக்கம் விளக்கமே வேண்டாம். வாயால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் தாள் சென்னைக்கோ கோவைக்கோ போனால், அந்தச் சொல் பழகாதவர் கண்ணில் ‘சூது’தான் முதலில் படும்.

‘பிராக்டிகல்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். பேச்சில் எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனால் கல்யாணப் பேச்சில் ‘பிராக்டிகலான குடும்பம்’ என்றால் பணம், நகை விஷயத்தில் வளைந்து கொடுப்பார்கள் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அதற்காகவே அதைச் செருகுகிற தரகர்களும் இருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் குற்றம். அந்தப் பேச்சுக்கு உங்கள் தாளே வாசல் திறந்துவிட வேண்டாம்.

ஒரே சொல்தான் வேண்டுமென்றால் ‘நிதானமானவர்’ என்று எழுதுங்கள். ‘நடைமுறை அறிந்து நடப்பவர்’ என்பதும் குற்றமில்லை, கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இப்படிப்பட்ட குணத்தைச் செயலாகச் சொல்வதே நல்லது. அமைச்சருக்கு அறிவுரை சொல்லும் 637ஆம் குறளும் ‘உலகத்து இயற்கை அறிந்து செயல்’ என்று செய்ய வேண்டியதைத்தான் சொல்கிறது, பட்டப்பெயர் ஒன்றும் சூட்டவில்லை. நீங்களும், ‘வரவு பார்த்துச் செலவு செய்வாள். முடியாததை முடியும் என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். எதையும் யோசித்துப் பேசுவாள்’ என்று மூன்று சிறு வாக்கியங்கள் எழுதுங்கள். மகளிடம் காட்டுங்கள். அவள் குணத்துக்குப் பொருந்தாத வரி இருந்தால் அவளே அடித்துவிடட்டும்.

பழைய தாள் எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று என்ற பட்டியலைத் தரகரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பார், விடாதீர்கள். புதிய தாளை அந்த வீடுகளுக்கு அவரே தன் செலவில் அனுப்ப வேண்டும். முகம் சுளித்த அந்த வீட்டுக்கு மட்டும் நீங்களே போன் செய்து, தமிழில் அடித்தவர் செய்த பிழை என்று சொல்லிவிடுங்கள்.