பாத்திரம் கழுவுகிறவர் எங்கே?

வணக்கம்.

செஃப்களைப் பற்றிய படங்களைப் பரிந்துரைத்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். காய் நறுக்குவதில் ஆரம்பித்து அடுப்புக்கு வந்தேன். இந்தப் படங்களில் வருவது எனக்குத் தெரிந்த சமையலறை இல்லை. ஒரு மேதை இருக்கிறான், கத்துகிறான், தட்டைத் தூக்கி எறிகிறான், சாப்பாடு பிரமாதம் என்பதால் எல்லாரும் அவனை மன்னித்துவிடுகிறார்கள். பாத்திரம் கழுவுகிறவர் எந்தப் படத்திலாவது ஒரு நிமிடம் வருகிறாரா? என் வீட்டாருக்குக் காட்ட ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் நியாயமானது. சினிமாவால் ருசியையும் வாசனையையும் கொடுக்க முடியாது என்பதில்தான் இந்தச் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதனால் ஆவி பறக்கும் தட்டைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், அப்புறம் சாப்பிடுகிறவரின் முகத்துக்குப் போகிறார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு அந்த முகத்தில் என்று ஆனதுமே படம் சாப்பாட்டு மேஜைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் சமையலறையில் ஒரே ஒரு ஆள்தான் தெரிவார். நறுக்கியவர், வடிகட்டியவர், கழுவியவர் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்.

கத்தல் விஷயத்தில் உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம். சமையலறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இந்தப் படங்கள் நம்மை நம்ப வைத்துவிட்டன. பெரிய உணவகச் சமையலறையை சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று பிரித்து ஒழுங்குபடுத்தியவர் ஓகுஸ்த் எஸ்காஃபியே. 1890-களில் லண்டன் சவாய் ஓட்டலின் சமையலறையை நடத்தியவர். தன் ஆட்கள் வேலை நேரத்தில் குடிப்பதையும் கெட்ட வார்த்தை பேசுவதையும் அவர் அனுமதிக்கவில்லை. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பின்பற்றும் அந்த ஏற்பாட்டை உருவாக்கியவரே அடக்கமான சமையலறையை விரும்பியவர் என்றால், கத்துவது மேதைமையின் அடையாளம் என்று திரைக்கதை எழுதுகிறவர்கள் எங்கிருந்து பிடித்தார்கள்?

சரி, நீங்கள் கேட்ட படத்துக்கு வருகிறேன். ‘பாயிலிங் பாயிண்ட்’, 2021. இயக்கிய ஃபிலிப் பரான்டீனி பல வருடங்கள் செஃப்பாக வேலை பார்த்தவர், அது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்த படம். எட்டு முறை எடுக்கத் திட்டமிட்டு, 2020 மார்ச்சில் கொரோனா வந்து நான்கோடு நிறுத்தும்படி ஆனது. சாகசத்துக்காக அப்படி எடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு ராத்திரி வேலையில் இடைவெளியே கிடையாது, மூச்சு விட வெளியே போனாலும் உள்ளே ஆர்டர் குவிந்துகொண்டேயிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டு விழும் படத்தில் அந்த நெருக்கடி கலைந்துவிடுகிறது.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சுகாதார ஆய்வாளர் உணவகத்தின் மதிப்பீட்டை 5-இலிருந்து 3-க்கு இறக்கிவிடுகிறார். சமையலில் குறையில்லை, எழுதி வைக்க வேண்டியதை எழுதி வைக்கவில்லை. சமையலறைகள் பெரும்பாலும் இப்படித்தான் சரிகின்றன, பெரிய தவறால் இல்லை, ஒருவர் சொல்ல மறந்ததும் இன்னொருவர் குறிக்க மறந்ததும் சேர்ந்து. படத்தின் பிற்பகுதியில், கொட்டை ஒவ்வாமை உள்ள ஒருவருக்குப் போகக் கூடாதது போய்ச் சேர்வதும் அப்படியே.

அப்புறம், பாத்திரம் கழுவுகிறவர் இதில் இருக்கிறார்! கர்ப்பிணிப் பெண். கூட வேலை செய்ய வேண்டியவன் நேரத்துக்கு வரவில்லை, எல்லாம் இவள் தலையில் விழுகிறது. இனிப்புப் பகுதியில் ஒரு பையன் அந்தச் சூட்டிலும் சட்டைக் கையை மடிப்பதில்லை. அவனுக்கு மேலே இருக்கும் பெண் வேலைக்கு இடைஞ்சல் என்று மடிக்கச் சொல்கிறாள். மடித்தால் கையெல்லாம் அவனே கீறிக்கொண்ட தழும்புகள். அவள் ஒரு கேள்வி கேட்காமல் அவனைக் கட்டிக்கொள்கிறாள். கேமரா அதற்கு மேல் அங்கே நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது, ஏனென்றால் வேலை நிற்காது. அந்தக் காட்சியை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை. தலைமை செஃப்பின் வீழ்ச்சிதான் கதை என்றாலும், இந்தப் பையனுக்கும் அந்தக் கர்ப்பிணிக்கும் இடம் கொடுத்ததால்தான் நான் இந்தப் படத்தை நம்புகிறேன்.

நீங்கள் ஒதுக்கித் தள்ளியிருக்கக்கூடிய ஒன்றும் உண்டு, ‘ராட்டடூயி’ (2007). எலி சமைக்கிற கார்ட்டூன்தான். ஆனால் சமையலறையில் வேலை செய்யும் கோலெட் என்ற பெண், புதிதாக வந்த பையனுக்குச் சொல்லித்தரும் இடத்தைப் பாருங்கள்: மேடையைச் சுத்தமாக வை, கையை உடம்போடு ஒட்டி வை, ஏப்ரன் அழுக்காகலாம், சட்டைக் கை ஆகக் கூடாது. உங்களுக்கும் முதல் வாரத்தில் யாரோ இதைச் சொல்லியிருப்பார்கள்.

ஜப்பானிய உணவான சுஷியில் மேதை ஜிரோ பற்றிய 2011 ஆவணப்படத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். பத்து இருக்கை உள்ள கடை. எனக்கு அதில் மறக்க முடியாதவர் ஜிரோ இல்லை. முட்டை ரொட்டி மாதிரி ஒன்றை 200 முறைக்கு மேல் செய்து, ஒவ்வொரு முறையும் சரியில்லை என்று தள்ளப்பட்டு, ஒருநாள் சரி என்று கேட்டதும் அழுத சீடர்தான். படம் அதைப் பொறுமையின் கதையாகச் சொல்கிறது. அந்த 200-ஐயும் செய்தவர் பக்கமிருந்து யாராவது ஒரு படம் எடுக்க வேண்டும்.

‘பிக் நைட்’ (1996) கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்டான்லி டூச்சியும் கேம்பெல் ஸ்காட்டும் இயக்கியது. இத்தாலியிலிருந்து வந்த அண்ணன் தம்பி, தங்கள் உணவகத்தைக் காப்பாற்ற ஒரே ராத்திரி விருந்தில் எல்லாவற்றையும் போட்டு, எதிர்பார்த்த விருந்தாளி வராமல் போய், சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள். காலையில் தம்பி அடுப்படிக்கு வருகிறான். முட்டையை உடைத்து அடித்து வாணலியில் ஊற்றுகிறான். எடுபிடி வேலைக்கு இருக்கும் பையனுக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு, மீதி வாணலியிலேயே இருக்கிறது. அண்ணன் வந்ததும் எழுந்து தட்டு எடுத்து அதை வைத்துக் கொடுக்கிறான். கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஒரே ஷாட், பேச்சு அநேகமாக இல்லை. விமர்சகர் இல்லை, கண்ணை மூடி ரசிக்கிற முகம் இல்லை. சமைக்கிறவர்கள் தாங்களே சாப்பிடுவதைக் காட்ட எத்தனை படங்களுக்குத் தோன்றியிருக்கிறது, சொல்லுங்கள்.

வீட்டாருக்கு ‘பாயிலிங் பாயிண்ட்’ போதும். நீங்களும் கூட உட்காருங்கள், நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல உங்களுக்கு நிறைய இருக்கும். பார்த்த பிறகு அதில் எது பொய் என்று எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.