கிரேக்கத் தீவுகளுக்குச் சிறு கப்பலில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “எந்தத் தீவு நல்லது?” என்பதுதான். எந்த மாதம், எந்தக் கடல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தீவு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் வழக்கமான பதில். காரணம் இரண்டாவது கேள்வியில் வருகிறது.

பெரிய கப்பலில் ஏழு இரவுக்கு ஆவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள், ஐம்பது பேர் போகும் சிறு கப்பலுக்கு. அப்படி என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? – ஒரு வாசகர், கோவை

கப்பலுக்குள் பார்த்தால் குறைவாகத்தான் கிடைக்கும், சார். நீச்சல் குளம், நாடக அரங்கு, லிஃப்ட் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கேபினில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தால் கால் வைக்க இடமிருக்காது. பல கப்பல்களில் காலை உணவும் இன்னொரு வேளை சாப்பாடும் மட்டுமே கட்டணத்தில் சேரும். மூன்றாவது வேளைக்குக் கரையில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு துறைமுகத்துக்கு. மூவாயிரம் பேர் ஏறிய கப்பல் ஹைட்ரா தீவின் சின்னத் துறைக்குள் நுழையவே முடியாது. சிறு கப்பல் கரைக்குக் கொஞ்சம் முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக மெல்ல நகர்ந்து வரும். கப்பல் ஆள் ஒருவர் பின்முனையில் நின்று இன்னும் எத்தனை மீட்டர் என்று கேப்டனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். கப்பலிலிருந்து வீசும் கயிற்றைக் கரையில் நிற்பவர் பிடித்து இரும்புக் குமிழில் மாட்டுவார். பலகையை இறக்கியதும் நேரே ஊர்தான். பத்தடியில் காபிக்கடை மேசை, பக்கத்தில் சுமைக்குக் காத்திருக்கும் கோவேறு கழுதைகள். அந்தத் தீவில் கார், பைக் கிடையாது. பெரிய கப்பல்கள் பல ஊர்களிலிருந்து மாலையிலேயே கிளம்பிவிடும். நீங்கள் இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நடந்தே படுக்கைக்கு வரலாம்.

இன்னொரு செலவையும் கணக்கில் வையுங்கள். 2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளிடம் கிரேக்க அரசு தலைவரி வாங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினி, மைக்கனோஸ் இரண்டிலும் இறங்க ஆளுக்கு 20 யூரோ, மற்றத் துறைகளில் 5 யூரோ. இது கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

துபாயில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு. அந்த நேரத்தில் மைக்கனோஸ், நக்சோஸ், சாண்டோரினி போகலாமா? – ஒரு வாசகி

போகலாம், ஆனால் சிறு கப்பலில் வேண்டாம் என்பேன்.

ஈஜியன் கடலில் கோடையில் ‘மெல்தெமி’ என்ற வடகாற்று அடிக்கும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கி நிலப்பரப்பின் மேல் குறைந்துவிடுவதால் வடக்கிலிருந்து காற்று இழுத்துக்கொண்டு வருகிறது. நம் ஆடிக் காற்றைப்போலத்தான், காலமும் ஏறக்குறைய அதே. ஏமாற்றுவது என்னவென்றால் வானத்தில் ஒரு மேகம் இருக்காது. பளீரென்று வெயில், நீலக் கடல், புகைப்படத்தில் பார்த்தால் சொர்க்கம். கப்பலிலோ தட்டு மேசையில் நிற்காது. தொடங்கினால் சில நாட்கள் விடாமல் வீசும். காற்றின் வேகத்தைச் சொல்லும் போபோர்ட் அளவில் 6, 7 என்பது சாதாரணம், 8-ஐயும் தொடும். மைக்கனோஸ், தினோஸ் பக்கமும், அந்த்ரோஸுக்கும் எவியாவுக்கும் நடுவிலுள்ள நீரிணையும் இதற்குப் பேர்போனவை.

பெரிய கப்பல் இதைத் தாங்கிக்கொண்டு போய்விடும். நாற்பது, ஐம்பது மீட்டர் நீளக் கப்பலுக்கு அது முடியாது. கேப்டன் ஏதாவது ஒரு தீவின் தென்பக்கம் ஒதுங்கிக் காத்திருப்பார், அல்லது வழியையே மாற்றுவார். பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருக்க, நீங்கள் ஒரே துறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த மாதங்களில்தான் போக வேண்டும் என்றால் கடலை மாற்றுங்கள். ஏதென்ஸுக்குத் தெற்கேயுள்ள சரோனிக் வளைகுடா நன்றாக ஒதுங்கிய இடம். ஏயினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ் என்று போய், பெலொப்பொனேசியக் கரையில் நாப்ளியோ வரை வரலாம். ஏயினாவில் அஃபாயா கோயிலும் பிஸ்தாவும். நாப்ளியோ புதிய கிரேக்க நாட்டின் தலைநகரமாக 1834 வரை இருந்த ஊர். அங்கிருந்து மைசீனி என்ற பழைய நகரின் சிதைவுகளுக்கும் எபிடாரஸின் பழைய அரங்கத்துக்கும் பஸ்ஸில் போய்வரலாம். எபிடாரஸில் பிள்ளைகளில் ஒருவரை மேல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கசக்கி, ஓசை மேலே கேட்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேற்கே அயோனியன் கடல்: கோர்ஃபு, பாக்ஸி, இதாக்கா, கெஃபலோனியா. மெல்தெமி அங்கே எட்டாது, பிற்பகலில் மிதமான காற்று வரும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நல்ல காலம் செப்டம்பர் பாதிக்குமேல். காற்று தணிந்திருக்கும், கடல் நீரோ கோடைச் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும். மே மாதத்தில் மலையெல்லாம் பூ, கூட்டம் குறைவு. ஆனால் தண்ணீரில் குதித்தால் பல் கிட்டிக்கொள்ளும்.

சாண்டோரினி என்று போட்டுத்தான் பணம் வாங்கினார்கள். காற்று என்று சொல்லிக் கடைசிவரை போகவே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – ஒரு வாசகர், சென்னை

பெரும்பாலும் கிடைக்காது. வானிலையைப் பார்த்து வழியை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், நீங்களும் கையெழுத்திட்டிருப்பீர்கள். அந்த முடிவு சரியானது என்பதே என் எண்ணம். சாண்டோரினியின் நடுவில் இருப்பது எரிமலை வெடித்துக் கடல் புகுந்த பள்ளம். கரையோரமே ஆழம் அதிகம், நங்கூரம் போடத் தோதான இடம் மிகக் குறைவு. காற்றில் அங்கே ஒதுங்குவது லேசான காரியமில்லை.

சாண்டோரினி பார்த்தே தீர வேண்டும் என்றால் அதைக் கப்பல் பயணத்தோடு சேர்க்காதீர்கள். பயணம் முடிந்ததும் ஏதென்ஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். இரண்டு இரவு தங்கினால், கப்பல் கூட்டம் கிளம்பிய பிறகு ஊர் உங்களுக்கு.

கொரிந்த் கால்வாய் வழியாகப் போகும் பயணம் ஒன்று பார்த்தேன். அதற்காகவே எடுக்கலாமா? – ஒரு வாசகர், திருச்சி

பொறியியலில் ஆர்வம் இருந்தால் எடுக்கலாம். ஈஜியன் பக்கத்தையும் அயோனியன் பக்கத்தையும் இணைக்க 1893-இல் திறந்த கால்வாய், நீளம் ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீர்மட்டத்தில் அகலம் சுமார் 25 மீட்டர்தான், ஆனால் இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டிய சுவர் 80 மீட்டர் அளவுக்கு நிற்கிறது. டெக்கில் நின்றால் சுண்ணாம்புப் பாறையின் அடுக்குகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக நகரும். இன்றைய பெரிய சரக்குக் கப்பல்கள் இதில் நுழையாது, சிறு கப்பல்களுக்குத்தான் இந்த யோகம். இரண்டு முனைகளிலும் உள்ள சாலைப் பாலங்கள் மேலே தூக்கப்படுவதில்லை. தண்ணீருக்குள் இறங்கி அடியில் படுத்துக்கொள்ள, கப்பல் அவற்றின் மேலேயே போகும். கி.பி. 67-இல் ரோமப் பேரரசர் நீரோ இதைத் தோண்டத் தொடங்கி, அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. அதற்கும் முன்பே கப்பல்களைத் தரைமேல் இழுத்துச் செல்லக் கல் பாவிய பாதை ஒன்று இருந்தது. அதன் எச்சத்தை மேற்கு முனை அருகே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சுவர்கள் சரியும் குணம் உள்ளவை. 2021-இல் மண் சரிந்து கால்வாயையே மூடிப் பழுது பார்த்தார்கள். முன்பணம் கட்டும் முன், உங்கள் தேதியில் கால்வாய் திறந்திருக்குமா, இல்லையென்றால் மாற்று வழி என்ன என்று கேளுங்கள்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஒரு வாரம் ரொட்டியும் சாலட்டுமாக ஓட்ட வேண்டியதுதானா? – ஒரு வாசகி, மதுரை

வேண்டியதில்லை. கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் ஏறக்குறைய பாதி நாள் நோன்பு நாள். இறைச்சி, பால், முட்டை இல்லாத சமையல் அவர்கள் வீட்டுச் சமையல். ‘நிஸ்திசிமோ’ என்று கேட்டால் சமையல்காரருக்குப் புரியும். ஆனால் கவனம்: நோன்பில் மீன் கூடாதே தவிர கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் ஆகும்! அதனால் “கடல் உயிர் எதுவும் வேண்டாம்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் பிடிக்கக்கூடியவை நிறைய. ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் விட்டு வதங்க வைத்த பீன்ஸ், வெண்டைக்காய். பெரிய வெள்ளை மொச்சையை ஓவனில் சுட்ட ‘யீகாந்தெஸ்’. சாண்டோரினியின் ‘ஃபாவா’, அதாவது மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மேலே வெங்காயம் தூவியது. சிஃப்னோஸ் தீவில் கொண்டைக்கடலையை மண்பானையில் போட்டுச் சனிக்கிழமை இரவு விறகடுப்பில் வைத்துவிடுவார்கள், ஞாயிறு மதியம் எடுப்பார்கள். பயணத்தில் அந்தத் தீவு வந்தால் விடாதீர்கள். தயிர் கெட்டியாக, அருமையாக இருக்கும். அரிசியும் கிடைக்கும், எனவே தயிர் சாதத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பாட்டில் ஊறுகாய் மட்டும் எடுத்துப் போங்கள்.

கேட்டுச் சாப்பிட வேண்டியவை: திராட்சை இலையில் சுருட்டிய சாதத்தில் கொத்திய இறைச்சி இருக்கலாம். எலுமிச்சை மணக்கும் மஞ்சள் சூப்பில் முட்டை உண்டு. ஃபெட்டா பாலாடைக்கட்டியைக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் உறைய வைப்பது வழக்கம், ஆகவே அம்மா அதில் கண்டிப்பானவர் என்றால் தவிர்த்துவிடுங்கள். வெங்காயம், பூண்டும் கூடாது என்றால் சிரமம்தான், மறைப்பதற்கில்லை. கப்பலில் ஒன்றிரண்டு பேர்தான் சமைப்பார்கள், காய்கறியும் போகிற ஊரில் வாங்குவார்கள். ஆகவே ஏறியபின் சொல்லாமல் சில வாரங்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட். விசாவில் என்ன பார்க்க வேண்டும்? – ஒரு வாசகர், சேலம்

கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பலர் தவறவிடுவது வேறு. உங்கள் கப்பல் இடையில் துருக்கியின் குஷாதாசி, போத்ரும் போன்ற துறைகளைத் தொடுகிறதா? தொட்டால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறீர்கள், ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசா என்று படிவத்திலேயே கேளுங்கள். துருக்கிக்கும் தனியாக விசா வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? – ஒரு வாசகி, பெங்களூரு

யோசித்துத்தான் செய்ய வேண்டும். பலகையில் ஏறி இறங்குவது தினமும் உண்டு, சில இடங்களில் கைப்பிடி பெயருக்குத்தான் இருக்கும். கேபின்களுக்குச் செங்குத்தான படி. அதைவிட முக்கியமான ஒன்று: நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களில்தான் மருத்துவர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஐம்பது பேர் கப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதய நோய், சுவாசக் கோளாறு இருந்தால் பெரிய கப்பலே மேல்.

வலி மட்டும்தான் என்றால் மேல் தளக் கேபின் எடுங்கள். நாப்ளியோவின் பலமிதி கோட்டைக்குப் படியேற வேண்டாம், வண்டிப்பாதை உண்டு. பழங்காலச் சிதைவுகள் நிறைந்த டெலோஸ் தீவை அவர் விட்டுவிடட்டும். மேடுபள்ளமான கற்கள், நிழல் அறவே கிடையாது.

எனக்குப் பஸ்ஸிலேயே குமட்டும். என்ன செய்வது? – ஒரு வாசகர், நெல்லை

கீழ்த் தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் குறைவு. மாத்திரையைக் கப்பல் கிளம்புமுன் போட வேண்டும், குமட்டல் வந்தபின் பயனில்லை. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பெட்டியில் என்னென்ன வைப்பது? – பலர்

கழிவறைக்கு ஒரு சின்னக் குவளை, கிண்டல் இல்லை. அங்கே காகிதம்தான், அதையும் தொட்டியில் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். சிறு கப்பல்களிலும் தீவுகளிலும் குழாய்கள் குறுகலானவை, அடைத்தால் எல்லோருக்கும் சங்கடம். கடலில் இறங்க ரப்பர் செருப்பு வேண்டும், பாறைகளில் கடல் முள்ளெலி இருக்கும். பத்மோஸ், அமோர்கோஸ் மடங்களுக்குத் தோளும் காலும் மூடிய உடை தேவை. சுடிதாரே போதும். அப்புறம், கெட்டிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மடித்துக் கட்டிலடியில் தள்ளக்கூடிய துணிப் பையாக எடுங்கள்.