வாசகர் கேள்வி: காட்டுத் தைமை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: தைம் என்னும் நறுமண மூலிகையின் வகைச் செடிகளைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறேன். தரையோடு படரும் எதையும் ‘காட்டுத் தைம்’ என்றே பலர் குறித்துவிடுகிறார்கள். தைமஸ் செர்பில்லம் என்னும் இனத்தை உறுதியாகப் பிரித்தறிய வழி உண்டா? சில செடிகளில் மட்டும் பூக்கள் சிறுத்திருப்பது ஏன்?

பதில்: தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட தைமஸ் செர்பில்லம், துளசியும் தும்பையும் அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது; ஐரோப்பாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வறண்ட மணற்பாங்கான நிலங்களில் வளர்வது. தவழ்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே ‘செர்பில்லம்’ ஆயிற்று. பெயருக்கேற்ப மரத்தன்மை கொண்ட அதன் மெல்லிய தண்டு தரையில் ஓடி, கணுக்களில் வேர்விட்டுப் பாய்போல் படரும். தோட்டத் தைமோ நிமிர்ந்து நிற்கும் சிறு புதர். அதன் இலைவிளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டிருப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

படரும் இனங்களுக்குள்தான் சிக்கல். இலையையும் பூவின் நிறத்தையும் நம்ப வேண்டாம். பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே தண்டை விரல்களுக்கிடையே பிடித்து, லென்ஸ் வழியே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நான்கு விளிம்புகளில் மட்டும் மயிர் வரிசையாக இருந்தால் அது தைமஸ் புலேஜியாய்டிஸ். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் அடர்ந்து, அடுத்த கணுவைத் தாண்டியதும் மற்ற இரு பக்கங்களுக்கு மாறினால் தைமஸ் பிரேகாக்ஸ். சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் மட்டுமே செர்பில்லம். பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் காட்டுத் தைம் பிரேகாக்ஸ் வகையைச் சார்ந்ததே. உண்மையான செர்பில்லம் அங்கே கிழக்கு ஆங்கிலியாவின் பிரெக்லாண்ட் பகுதியோடு நின்றுவிடுகிறது. ஆகவே பொதுப்பெயரை மட்டும் எழுதிவைத்த படம் ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது.

சிறுத்த பூக்களைக் கவனித்தீர்களே, அது மிக நல்ல கவனிப்பு. தைமஸ் என்னும் இந்தப் பேரினத்தில் இருபால் பூக்கள் கொண்ட செடிகளோடு, பெண் பூக்கள் மட்டுமே கொண்ட செடிகளும் கலந்து வளர்கின்றன. இருபால் பூவில் நான்கு மகரந்தத்தாள்கள் இதழுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெண் பூவிலோ அவை வளராமல் குன்றிப்போக, அல்லிவட்டமும் (பூவிதழ்களின் தொகுதி) சிறுத்துவிடும். பெண் செடிகள் மற்றவற்றைவிட அதிக விதை தருவதை டார்வின் 1877இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். இனிப் படமெடுக்கும்போது, பூவின் முகப்போடு தண்டின் எல்லாப் பக்கங்களையும் நெருக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.