டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்

தரைப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது தேவிபட்டினத்தில் இருக்கிறேன். டிஸ்சார்ஜ், டிஸ்மிஸ், பென்ஷன் மறுப்பு பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதற்கு ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடப்பதால் எல்லோருக்கும் எழுத நேரம் கிடைத்திருக்கிறது போலும். நான் வக்கீல் அல்ல. காகிதம் எப்படி நகரும், எங்கே நின்றுபோகும் என்பது தெரியும், அவ்வளவுதான்.

பெரியபட்டினத்திலிருந்து: ஐயா, என் சர்வீஸ் 11 ஆண்டு 4 மாதம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல், விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியதற்காக நடத்தைத் தாளில் நான்கு சிவப்பு மைப் பதிவுகள் (தண்டனைக் குறிப்புகள்). 2023-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை நல்ல டிஸ்சார்ஜாக மாற்ற முடியுமா?

தம்பி, முதலில் உன் புத்தகத்தில் இருப்பது டிஸ்சார்ஜா, டிஸ்மிஸா என்று பார். ஊரில் இரண்டையும் ‘பட்டாளத்திலிருந்து விரட்டிவிட்டார்கள்’ என்றே சொல்வார்கள். சட்டத்தில் இரண்டும் வேறு: டிஸ்மிஸ் என்பது தண்டனையாக நீக்குவது, டிஸ்சார்ஜ் என்பது சர்வீஸிலிருந்து விடுவித்து அனுப்புவது. நீ சொல்வதைப் பார்த்தால், 1954-ஆம் ஆண்டு இராணுவ விதிகளில் 13-ஆம் விதியின் கீழ் வரும் டிஸ்சார்ஜ் போலத் தெரிகிறது.

நான்கு சிவப்பு மை விழுந்தால் ஆளை அனுப்பிவிடலாம் என்றுதான் பல யூனிட்களில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1988 டிசம்பர் 28 தேதியிட்ட இராணுவத் தலைமையகக் கடிதம் அப்படிச் சொல்லவில்லை. முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை நடக்க வேண்டும். அதில் உன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிறகு காரணம் கேட்கும் நோட்டீஸ். உன் பதிலோடு கோப்பு மேலே போக வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரி உன் சர்வீஸ் நீளம், நீ இருந்த கடினமான இடங்கள், பென்ஷனுக்கு எவ்வளவு மீதி என்பதையெல்லாம் எடைபோட வேண்டும். 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறையைக் கட்டாயம் என்றது. நான்கு பதிவுகள் இருப்பதாலேயே டிஸ்சார்ஜ் தானாக வந்துவிடாது என்றும் சொன்னது. பென்ஷனுக்குரிய காலம் முடியும்வரை அவர் சர்வீஸில் இருந்ததாகக் கருதச் சொன்னார்கள். பழைய சம்பளம் மட்டும் கிடையாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த யூனிட் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீரருக்கான நோட்டீஸையும் அவரை அனுப்பும் உத்தரவையும் ஒரே பிற்பகலில் நானே டைப் செய்திருக்கிறேன். அவர் பதில் எழுத வேண்டிய நாட்களுக்கு இடம் விட்டு, உத்தரவின் தேதியை மட்டும் பிறகு பேனாவால் நிரப்பினோம். அந்த ஆள் என்ன பதில் எழுதினார் என்று யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே உன் கோப்பில் நோட்டீஸ் தேதி, அது உன் கைக்கு வந்த தேதி, உன் பதிலின் தேதி, உத்தரவின் தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுது. உன் வழக்கு அதில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அது இரண்டாம் பக்கம்.

கையில் நகல்கள் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுது. ‘என் கோப்பு முழுவதும்’ என்று கேட்காதே. நடத்தைத் தாள், விசாரணை அறிக்கை, நோட்டீஸ், ஒப்புதல் உத்தரவு என்று பெயர் சொல்லிக் கேள். பிறகு இராணுவத்துக்கே ஒரு மனு. பதில் வந்தால் அதிலிருந்து 6 மாதம். 6 மாதம் பதிலே வராவிட்டால் அதற்குப் பிறகு இன்னொரு 6 மாதம். அதற்குள் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். நீ தாமதித்திருப்பதால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனுவும் சேர்க்க வேண்டும். அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதே.

திருப்புல்லாணியிலிருந்து: 15 ஆண்டுக்குள் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினால் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்தித் தருகிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

அது அமெரிக்கா. அங்கே அதற்கென்றே மறுஆய்வு வாரியம் இருக்கிறது, 15 ஆண்டு கெடுவும் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு வாரியம் இல்லை. இங்கே மனு, பிறகு தீர்ப்பாயம். அந்தப் படிவத்தை அச்சடித்து நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இதுவரை மூன்று பேர்.

மண்டபத்திலிருந்து: கடலோரக் காவல் படையில் இருந்தேன். இதே வழிதானா?

இல்லை. அந்தத் தீர்ப்பாயம் முப்படைக்கு மட்டும். உங்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர்களுக்கும் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

உச்சிப்புளியிலிருந்து: கடற்படை மாலுமி...

தீர்ப்பாயம் ஒன்றே, ஆனால் சட்டம் 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டம். எனக்குப் பழக்கமில்லாத வாய்க்கால், வழி சொல்லிக் கெடுக்க மாட்டேன். உங்கள் ஆவணங்கள் மும்பை மான்குர்டில் இருக்கும்.

மூக்கையூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் விடுப்பில் வந்தவன் எட்டு மாதமாகத் திரும்பிப் போகவில்லை. சித்தப்பாவோடு கடலுக்குப் போகிறான். அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள்.

அம்மா, அப்படிச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். 30 நாள் தாண்டியதுமே யூனிட்டில் விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி) கூடி, அவர் வராமல் இருப்பதைப் பதிவு செய்திருக்கும். பெரும்பாலான குற்றங்களுக்கு 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு; ஓடிப்போன குற்றத்துக்கு அது கிடையாது. போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும், அவரே போய் நிற்பதும் ஒன்றல்ல. யூனிட்டிலோ பக்கத்து இராணுவ அலுவலகத்திலோ தானாகப் போய் ஒப்படைத்துக்கொள்ளட்டும். வந்து நின்ற தேதிக்கும் நேரத்துக்கும் எழுத்தில் சான்று வாங்கட்டும். போகும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். அவர் ஏன் வரவில்லை என்பதை எனக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அடியா, பயமா, உடம்பா என்று தெரியாமல் மேலே எதுவும் சொல்ல முடியாது.

சாயல்குடியிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் மேஜர்: தம்பி கிளார்க் அவர்களே, 1988 கடிதம் வெறும் வழிகாட்டுதல். நான்கு முறை வராமல் போனவனை நம்பிப் பனிமலையில் யார் காவல் நிற்பது? 2019-ல் சத்குர் சிங் வழக்கில் ஏழு பதிவு உள்ளவரை அனுப்பியது சரி என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

அண்ணன், மறைக்கவில்லை. கேட்டவருக்கு நான்குதான். நீங்கள் சொன்ன தீர்ப்பு உண்மை. அங்கே நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருந்தது, பதிலும் வந்திருந்தது. ஆளை அனுப்பக் கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. படி வழியாக இறக்கிவிடு, மாடியிலிருந்து தள்ளிவிடாதே என்கிறார்கள். வழிகாட்டுதல் என்ற வாதத்தைத்தான் 2015-ல் தள்ளிவிட்டார்களே.

அதே சுபேதார் மேஜர்: படிக்கட்டெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்கு. கம்பெனியை நடத்தியவனுக்குத்தான் வலி தெரியும். ஒருவன் வராவிட்டால் அவனுடைய இரவுக் காவலை இன்னொருவன் பார்க்கிறான். அவனுக்கு யார் நோட்டீஸ் கொடுத்தது?

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைக்கிறீர்கள். உண்மையிலேயே பாதிதான் இருக்கிறது. அந்த இரவுக் காவல்காரன் எழுதிய கடிதங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பிரிகேட் கமாண்டருக்குப் போகிற கோப்பில் இரண்டு தாள் சேர்க்கக் கம்பெனிக்கு எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரம். 11 ஆண்டு உழைத்தவனுக்கு ஒரு வாரம் கூடவா கிடையாது?

ஏர்வாடியிலிருந்து முன்னாள் ஹவில்தார்: இருவரும் விடுங்கள். என் மூன்று பதிவுகளில் இரண்டு, விடுப்பை நீட்டக் கேட்டுத் தந்தி அடித்தும் பதில் வராமல் விழுந்தவை.

சுபேதார் மேஜர்: தந்தி ரசீது இருந்தால் நானே அந்தப் பையனை விட்டிருப்பேன். எத்தனை பேர் ரசீது வைத்திருந்தார்கள்?

இதில் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். மருத்துவமனைச் சீட்டு, நீட்டிப்புக் கேட்ட கடிதத்தின் பதிவுத் தபால் ரசீது, ரயில் டிக்கெட். இந்த மூன்றும் இருந்த வீரர்கள் என் மேசைக்கே வந்ததில்லை. இதோடு இந்தச் சண்டையை நிறுத்துவோம், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

தொண்டியிலிருந்து: நான்கு சிவப்பு மை. வழி உண்டா?

பெரியபட்டினத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பாலைக்குடியிலிருந்து: ஐந்து சிவப்பு மை...

நான்கு என்ற இடத்தில் ஐந்து என்று வைத்துப் படியுங்கள்.

கீழக்கரையிலிருந்து: 13 ஆண்டு சர்வீஸ். சம்மரி கோர்ட் மார்ஷலில் (கமாண்டிங் அதிகாரியே நடத்தும் சுருக்கமான இராணுவ விசாரணை) டிஸ்மிஸ். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவே இல்லை மாமா.

இதுதான் டிஸ்மிஸ். இராணுவப் பென்ஷன் விதிகளின்படி பென்ஷனும் கிராஜுவிட்டியும் போயின. டிஸ்மிஸ் டிஸ்சார்ஜாக மாறினால் கூட 13 ஆண்டுக்குப் பென்ஷன் வராது, அதற்கு 15 வேண்டும். ஆனால் சர்வீஸ் கிராஜுவிட்டி கிடைக்க வழி உண்டு. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் திரும்ப வாய்ப்பிருக்கிறது.

நடவடிக்கைக் குறிப்பை வாங்கி இரண்டு இடத்தைப் பாருங்கள். குற்றச்சாட்டைச் சொன்னதற்கும் விசாரணை தொடங்கியதற்கும் இடையே 96 மணி நேரமாவது இருக்க வேண்டும். போர்ப்பணியில் 24 மணி. இது இராணுவ விதிகளில் 34-ஆம் விதி. அடுத்து 115-ஆம் விதி. ஒப்புக்கொள்வதால் என்ன நேரும் என்று உங்களுக்கு விளக்கினார்களா, விளக்கியதைப் பதிவு செய்தார்களா என்று பாருங்கள். ‘ஒப்புக்கொள், சின்னத் தண்டனையோடு விட்டுவிடுவார்கள்’ என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? எல்லோரிடமும் சொல்வார்கள்.

விசாரித்த அதிகாரி யார் என்பதையும் கவனியுங்கள். 1987-ல் இரஞ்சித் தாக்கூர் வழக்கில், யார்மீது அந்த வீரர் புகார் எழுதினாரோ அதே அதிகாரி விசாரணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைச் சாப்பிட மறுத்ததற்கு ஓராண்டுச் சிறையும் டிஸ்மிஸும். உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது.

தங்கச்சிமடத்திலிருந்து: பயிற்சியில் முழங்கால் போய், மெடிக்கல் போர்டு 12 சதவீதம் என்று போட்டு அனுப்பிவிட்டது. 20-க்குக் கீழ் என்பதால் பென்ஷன் இல்லையாம்.

உடம்பு சரியில்லை என்று அவர்களே வெளியே அனுப்பினால், ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. சேரும்போது ஆவணத்தில் குறை எழுதப்படாவிட்டால் நல்ல உடம்போடு சேர்ந்ததாகவே கருத வேண்டும் என்பது 2013-ல் தரம்வீர் சிங் வழக்கு. சேர்ந்தபோது நடந்த மருத்துவச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பாம்பனிலிருந்து: மதுரையில் ஒருவர் வருகிற பணத்தில் முப்பது சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். அசல் புத்தகத்தையும் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். தீர்ப்பாயத்தில் நீங்களே நின்று பேசலாம். பணமில்லையென்றால் ராமநாதபுரம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களுக்கு நான் என்ன செய்வது?

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மகள்: அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் எங்கள் தாத்தா பாட்டி போய்விட்டார்கள். தேடுவதற்காக வந்தவர் திரும்பிப் போகவில்லை. டிஸ்மிஸ் ஆனவர் என்றே சாகும்வரை தலை குனிந்திருந்தார். பணம் வேண்டாம். பெயரை மட்டும் சரிசெய்ய முடியுமா?

அம்மா, இவ்வளவு பழைய காகிதம் கிடைப்பது கடினம். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு இருக்கும், அதில் ஒரு வரியாவது மிச்சமிருக்கலாம். நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸுக்கு அப்பாவின் எண்ணும் பெயரும் எழுதி, அந்தப் பதிவின் நகலைக் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. இராணுவச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, வெளியே போகிற ஒவ்வொரு வீரருக்கும் ஆங்கிலத்திலும் அவருடைய தாய்மொழியிலும் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. யார் உத்தரவால், என்ன காரணத்தால், எத்தனை ஆண்டு சர்வீஸ் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தமிழில் எழுதிய தாள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆனவரை டிஸ்மிஸ் என்று நினைத்து வாழ்ந்த வீடுகள் இரண்டை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்தால் காரணம் என்ற இடத்தில் உள்ளதை ஒரு எழுத்தும் விடாமல் பார்த்தெழுதி அனுப்புங்கள். தாளை அனுப்ப வேண்டாம்.