முதலாளித்துவப் பொருளாதாரத்தின் பலமும் பலவீனமும் என்ன?

நான் வளர்ந்த திருப்பூரில் கண்ணால் பார்த்ததை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். சின்ன வயதிலேயே பனியன் கம்பெனிக்குக் கைமடியாக, அதாவது டைலருக்குக் கையாளாகப் போனவர். டைலர் ஆனார். அப்புறம் நான்கு பழைய ஓவர்லாக் மிஷின்களை வாங்கி, வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார். சில வருடங்களில் சனிக்கிழமை சாயங்காலம் முப்பது பேர் அவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள். என் அம்மாவும் அங்கே செக்கிங்கில் இருந்தார்.

நிட்டிங், சாயம், கட்டிங், காஜா பட்டன் என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கைகளில் இருந்ததால், ஒன்றை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் கொஞ்சப் பணத்தோடு உள்ளே நுழைய முடிந்தது. எந்த அரசுத் திட்டத்தாலும் இப்படி ஓர் ஊரை உருவாக்கியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் மேலே வந்தவர்களில் பலர் ஏற்கெனவே காடு தோட்டம் இருந்த குடும்பத்துக்காரர்கள். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்கள் பெரும்பாலும் மிஷினுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குறையைப் பார்க்க வேண்டுமென்றால் ஊர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்புப் போடுவார்கள். சாயம் துணியில் நிற்கும், உப்பு தண்ணீரோடு வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் ஆற்றில் ஓடி, பாசனத்துக்கென்று 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே என் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. தொட்டியில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தென்னையில் குரும்பை நிற்கவே இல்லை.

ஒரு பனியன் விலையில் நூல், கூலி, கரண்ட், லாரி வாடகை எல்லாம் இருந்தது. பெரியப்பாவின் கிணறு எந்த பில்லிலும் இல்லை. சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோரும் மோசமானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டுக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். ஒழுங்காக இருக்க நினைக்கிறவரையும் போட்டி விடுவதில்லை. இந்த முறையின் பெரிய கோளாறாக நான் பார்ப்பது இதைத்தான்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் போட்ட துணி வராமல் அம்மாவுக்கும் வேலை நின்றது. வாரக் கடையில் காய்கறிக்குக் கடன் சொன்னோம். அந்தக் கஷ்டத்தையும் நான் மறக்கவில்லை.

சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்ற விதியோடுதான் பட்டறைகள் மறுபடி திறந்தன. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்றான பிறகு, ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த அதே உப்பையும் தண்ணீரையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். லாபக் கணக்குப் போடும் அதே மூளைதான் அதையும் செய்தது. ஆனால் அந்த விதியைச் சந்தை தானாகக் கொண்டுவரவில்லை. வெள்ளாமை போனவர்கள் கோர்ட் படி ஏறித்தான் கொண்டுவந்தார்கள்.

பெரியப்பா கிணறு இன்னும் உப்புக் கரிக்கிறது. அவர் மகன் இப்போது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.